வரி குறைந்தது, கோபம் கூடியது: அமெரிக்கப் புரட்சிக்கு முந்தைய 12 ஆண்டுகள்

அமெரிக்க விடுதலைப் பிரகடனம் வெளியானது 1776 ஜூலை 4. 2026 ஜூலை 4-ஆம் தேதியோடு 250 ஆண்டு. இதையொட்டிப் பேசுகிறவர்கள் பலரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள்: பிரிட்டன் தேயிலை வரியை ஏற்றியது, கொதித்துப்போன பாஸ்டன் மக்கள் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள், புரட்சி வெடித்தது. நம்மில் பலர் பள்ளியில் படித்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

இந்தக் கதையின் முதல் பாதி தவறு. 1773-இல் பிரிட்டன் தேயிலை வரியை ஏற்றவில்லை. அந்த ஆண்டு வந்த சட்டத்தால் அமெரிக்காவில் தேயிலை விலை குறையவே இருந்தது. மலிவாகக் கிடைக்கப்போகிற சரக்கை எதற்குக் கடலில் கொட்டினார்கள்? இதற்குப் பதில் வேண்டுமென்றால் பத்தாண்டுகள் பின்னால் போக வேண்டும்.

13 காலனிகளும் அவற்றின் நிர்வாகமும்

இந்தியாவைப் போல அந்நியர் வந்து உள்ளூர் மக்களை ஆண்ட நிலை என்று இதை நினைத்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரம் இருந்த 13 காலனிகளில் சண்டைக்கு நின்றவர்களில் பெரும்பாலோர், பிரிட்டனிலிருந்து போய்க் குடியேறியவர்களும் அவர்களுடைய வாரிசுகளும். மண்ணின் பூர்வகுடிகள் மேற்கே தள்ளப்பட்டிருந்தார்கள். 1775 வாக்கில் மொத்த மக்கள்தொகை சுமார் 25 லட்சம். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள்.

ஒவ்வொரு காலனிக்கும் ஒரு கவர்னர். பெரும்பாலான இடங்களில் அவரை நியமிப்பது மன்னர். கூடவே, சொத்துள்ள வெள்ளை ஆண்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு சட்டசபை. உள்ளூர் வரியைத் தீர்மானிப்பது இந்தச் சட்டசபை. பல காலனிகளில் கவர்னருக்குச் சம்பளம் ஒதுக்குவதும் அதுவே. கவர்னர் ரொம்பவும் முறுக்கிக்கொண்டால் சம்பளத்தை இழுத்தடிக்கலாம். சிறிய விஷயமாகத் தெரியும் இந்தச் சம்பள ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு வணிகம் மட்டும் லண்டன் கையில். எந்தச் சரக்கு எந்தக் கப்பலில் எங்கே போகலாம் என்பதற்குச் சட்டங்கள் இருந்தன. அவை பெரும்பாலும் ஏட்டோடு நின்றன; கடத்தல் தாராளமாக நடந்தது. லண்டன் கண்டுகொள்ளவில்லை.

கடன் வந்தது, கண்காணிப்பும் வந்தது

1756 முதல் 1763 வரை பிரிட்டனும் பிரான்ஸும் உலகம் முழுக்க மோதின. நம் பக்கத்தில் வந்தவாசியில் நடந்த சண்டையும் இந்தப் போரின் ஒரு கிளைதான். பிரிட்டன் வென்றது, கனடா கைக்கு வந்தது. ஆனால் தேசியக் கடன் ஏறத்தாழ இரு மடங்காகி 13 கோடி பவுண்டைத் தாண்டியது.

போர் முடிந்த கையோடு, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஒட்டாவா இனத் தலைவர் போன்டியாக் உள்ளிட்டோர் எழுந்தார்கள். மேற்கே இன்னும் சண்டை வேண்டாம் என்று, அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு அப்பால் யாரும் குடியேறக் கூடாது என 1763 அக்டோபரில் மன்னர் அறிவித்தார். அந்த நிலத்தின் மீது கண் வைத்திருந்தவர்களுக்கு இது முதல் அடி. ஜார்ஜ் வாஷிங்டனும் அவர்களில் ஒருவர். எல்லையைக் காக்க சுமார் 10,000 சிப்பாய்களை அமெரிக்காவில் நிறுத்துவது என்றும் முடிவானது. அதற்குச் செலவு?

இந்த இடத்தில் லண்டன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் இருந்தவர்கள் தலைக்குக் கட்டிய வரியோடு ஒப்பிட்டால் அமெரிக்கக் காலனியர் கட்டியது மிகக் குறைவு. பாதுகாப்பு உங்களுக்கு, செலவில் ஒரு பகுதியையாவது ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் கேட்டதில் கணக்குப்படி தவறு காண முடியாது. பிரச்சினை அவர் கேட்ட விதத்தில் இருந்தது.

1764-இன் சர்க்கரைச் சட்டத்தைப் பாருங்கள். ரம் காய்ச்சுவதற்காக இறக்குமதியாகும் மொலாசஸ் என்ற கரும்புப் பாகுக்கு கேலனுக்கு 6 பென்ஸாக இருந்த தீர்வையை இது 3 பென்ஸாகப் பாதியாக்கியது. ஆனால் 6 பென்ஸை ஏறத்தாழ யாருமே கட்டியதில்லை. சுங்க அதிகாரிக்குக் கொஞ்சம் தள்ளிவிட்டுச் சரக்கை இறக்குவதே வழக்கம். 3 பென்ஸைக் கண்டிப்பாக வசூலிக்கப்போகிறார்கள் என்பதுதான் புதிது. மீறுகிறவர்களை ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றத்தில் நிறுத்தலாம். உள்ளூர் ஜூரி உள்ளூர்க் கடத்தல்காரரைத் தண்டிக்காது என்று லண்டனுக்குத் தெரியும்.

வரி விகிதம் இறங்குகிறது, அதிகாரத்தின் பிடி இறுகுகிறது. அடுத்த பத்தாண்டில் இதே காட்சி மறுபடி வரும்.

முத்திரைத்தாள்: எல்லார் கையிலும் பட்ட வரி

சர்க்கரைச் சட்டம் துறைமுக வியாபாரிகளின் தலைவலி. 1765 மார்ச்சில் நிறைவேறிய முத்திரைச் சட்டம் அப்படியல்ல. பத்திரம் பதிய, வழக்குப் போட, உயில் எழுத, செய்தித்தாள் அச்சிட, பட்டம் வாங்க என எல்லாவற்றுக்கும் லண்டனிலிருந்து வரும் முத்திரைத்தாள் வேண்டும். சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், தாயக்கட்டைக்கு 10 ஷில்லிங், செய்தித்தாளில் வரும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங்.

பிரிட்டனில் இந்த வரி பல காலமாகவே இருந்தது. அதனால் இவ்வளவு எதிர்ப்பு வரும் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு சாதுரியக் குறைவு மட்டும் கண்ணை உறுத்துகிறது. வக்கீல், பத்திரிகைக்காரர், மதுக்கடைக்காரர், வியாபாரி என்று ஊரில் யார் யாருக்கு வாய் அதிகமோ அத்தனை பேர் தலையிலும் ஒரே நேரத்தில் கை வைத்தால் என்ன ஆகும்?

1765 ஆகஸ்ட் 14 அன்று பாஸ்டனில் ஒரு பெரிய மரத்தில், முத்திரைத்தாள் விநியோகிக்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவி தொங்கியது. இரவில் கூட்டம் அதை ஊர்வலமாக எடுத்துப்போய்க் கொளுத்தியது. ஆலிவர் பதவியை விட்டு விலகுவதாகச் சொன்னார். 12 நாள் கழித்துத் துணை கவர்னர் தாமஸ் ஹட்சின்சனின் வீடே சூறையாடப்பட்டது. இத்தனைக்கும் ஹட்சின்சன் இந்த வரி வேண்டாம் என்று லண்டனுக்கு எழுதியவர். 'விடுதலையின் மைந்தர்கள்' என்று பெயர் சூட்டிக்கொண்ட குழுக்கள் ஊருக்கு ஊர் கிளம்பின. நவம்பர் 1, சட்டம் அமலுக்கு வர வேண்டிய நாள். அதற்குள் விநியோக அதிகாரிகள் ஏறத்தாழ எல்லாருமே விலகிவிட்டார்கள். ஜார்ஜியாவில் மட்டும் கொஞ்ச நாள் முத்திரைத்தாள் விற்றது.

அக்டோபரில் 9 காலனிகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடிக் கூட்டாகத் தீர்மானம் போட்டார்கள். வியாபாரிகள் பிரிட்டிஷ் சரக்கை வாங்க மறுத்தார்கள். அடிபட்ட லண்டன் வணிகர்களே சட்டத்தை நீக்கச் சொல்லி நாடாளுமன்றத்தை நெருக்கினார்கள். 1766 மார்ச்சில் சட்டம் ரத்தானது. அதே நாளில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது: காலனிகளை எந்த விஷயத்திலும் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு முழு உரிமை உண்டு என்ற பிரகடனச் சட்டம். அமெரிக்காவில் வெற்றிக் கொண்டாட்டம் நடந்தபோது இதைக் கவலையோடு படித்தவர்கள் சிலரே.

"எங்கள் பிரதிநிதி எங்கே?"

இந்தக் காலத்தில் உருவானதுதான், பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்ற வாதம். அதன் படிகள் எளிமையானவை:

1. வரி என்பது குடிமக்கள் தங்கள் பிரதிநிதிகள் மூலம் தாங்களே ஒப்புக்கொண்டு கொடுப்பது. இது பழைய ஆங்கில மரபு.
2. நாங்களும் ஆங்கிலேயக் குடிமக்களே.
3. லண்டன் நாடாளுமன்றத்துக்கு நாங்கள் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை.
4. ஆகவே எங்களுக்கு வரி போடும் உரிமை எங்கள் சட்டசபைக்கு மட்டுமே உண்டு.

லண்டன் சொன்ன பதில்: மான்செஸ்டருக்கும் பர்மிங்ஹாமுக்கும்கூடத்தான் உறுப்பினர் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் பேரரசு முழுவதற்கும் பிரதிநிதி, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இந்தப் பதில் எவ்வளவு பலவீனமானது என்பதற்குப் பழைய சாரம் என்ற தொகுதியே சாட்சி. ஆளில்லாத ஒரு மேடு, விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்காளர்கள், ஆனால் இரண்டு உறுப்பினர்கள். இந்தத் தொகுதி, மதராஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்து வைர வியாபாரத்தில் பெயர் எடுத்த தாமஸ் பிட்டின் குடும்பத்திடம் நெடுங்காலம் இருந்தது. அவருடைய பேரன் வில்லியம் பிட் முதன்முதலில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது இதன் வழியாகத்தான். முத்திரைச் சட்டத்தை ரத்து செய்யச் சொல்லி 1766-இல் முழங்கியவரும் அதே வில்லியம் பிட். பணத்துக்கு வாங்கிய தொகுதியிலிருந்து பிரதிநிதித்துவத்துக்கு ஒரு வக்கீல்!

காலனிகளுக்கும் லண்டனில் சில இடங்கள் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்குமா? தீர்ந்திருக்காது. கடல் கடந்து வாரக்கணக்கில் போய், நூற்றுக்கணக்கான உறுப்பினர்களுக்கு நடுவே சிறுபான்மையாக உட்காருவதை அவர்களே விரும்பவில்லை. அவர்கள் கேட்டது லண்டனில் நாற்காலி இல்லை. தங்கள் சட்டசபையின் அதிகாரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்பதைத்தான்.

சம்பளம் யார் கையில்?

1767-இல் நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் கண்ணாடி, ஈயம், பெயின்ட், காகிதம், தேயிலை ஆகியவற்றின் இறக்குமதிக்குத் தீர்வை விதித்தார். வெளிநாட்டு வணிகத்தை முறைப்படுத்துவதை நீங்கள் எதிர்க்கவில்லையே, இதுவும் துறைமுகத்தில் வாங்கும் தீர்வைதானே என்பது அவருடைய கெட்டிக்கார வாதம்.

வரும் பணம் எங்கே போகும் என்பதில்தான் விவகாரம். அதைக் கொண்டு கவர்னர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் கொடுக்கத் திட்டம். முன்பு சொன்ன சம்பளக் கடிவாளம் சட்டசபையின் கையை விட்டுப் போகிறது. கவர்னர் இனி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? லண்டனுக்கு மட்டும். 3 பென்ஸா 6 பென்ஸா என்பதைவிட இந்த மாற்றம் பல மடங்கு பெரியது. இதைப் புரிந்துகொண்டால் பிறகு நடந்தவற்றில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

மீண்டும் சரக்குப் புறக்கணிப்பு. பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து நூல் நூற்றார்கள். கைத்தறித் துணி உடுத்துவது தேசபக்தியின் அடையாளமானது. நம் கதர் இயக்கத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே நடந்தது இது. சுங்க அதிகாரிகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று 1768 அக்டோபரில் பாஸ்டனில் படை வந்து இறங்கியது. சுமார் 16,000 பேர் வாழும் ஊரில் தெருவுக்குத் தெரு பிரிட்டிஷ் சிப்பாய்களின் சிவப்புச் சட்டை.

சிப்பாய்களுக்குச் சம்பளம் போதவில்லை. ஓய்வு நேரத்தில் குறைந்த கூலிக்கு வெளிவேலை செய்தார்கள். உள்ளூர்த் தொழிலாளிகளின் பிழைப்பில் மண் விழுந்தது. 1770 மார்ச் 2 அன்று ஒரு கயிறு திரிக்கும் பட்டறையில் வேலை கேட்டுப் போன சிப்பாயை அங்கிருந்தவர்கள் கேவலமாகப் பேச, அது கைகலப்பாகி இரு தரப்பும் தடியோடு மோதின. மூன்று நாள் கழித்து, மார்ச் 5 இரவு, சுங்க அலுவலக வாசலில் காவல் நின்ற ஒரு சிப்பாய்க்கும் விக் கடையில் தொழில் பழகும் ஒரு பையனுக்கும் வாய்த்தகராறு. பையன் தலையில் துப்பாக்கிக் கட்டையால் ஓர் அடி. கூட்டம் சேர்ந்தது, தேவாலய மணி அடித்தது, பனிக்கட்டியும் குச்சியும் பறந்தன. கேப்டன் பிரஸ்டன் சில சிப்பாய்களோடு உதவிக்கு வந்தார். யாரோ சுட, மற்றவர்களும் சுட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் ஆப்பிரிக்க, பூர்வகுடி வம்சாவளியினர்.

சிப்பாய்களுக்காக வாதாட முன்வந்தவர் ஜான் ஆடம்ஸ், பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவர். பிரஸ்டனும் ஆறு சிப்பாய்களும் விடுதலை. இருவருக்கு மட்டும் தண்டனையாகக் கட்டைவிரலில் சூடு. ஆனால் மக்கள் மனதில் பதிந்தது தீர்ப்பு இல்லை. வரிசையாக நின்ற சிப்பாய்கள் நிராயுதபாணிகளைக் குறிபார்த்துச் சுடுவதுபோல் பால் ரெவியர் அச்சிட்டு விற்ற படம்தான் பதிந்தது.

மதராஸ் வாசலிலிருந்து பாஸ்டன் துறைமுகம் வரை

அதே 1770-இல் டவுன்ஷெண்ட் தீர்வைகள் ரத்தாயின, ஒன்றைத் தவிர: தேயிலைக்கு ராத்தலுக்கு (சுமார் 450 கிராம்) 3 பென்ஸ். வருமானத்துக்காக இதை விட்டுவைக்கவில்லை. உரிமை எங்களுக்கு உண்டு என்று காட்ட விட்டுவைத்தார்கள். காலனியர் பலர் டச்சுக்காரர்களிடமிருந்து கடத்தி வந்த தேயிலையைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

அந்த அமைதி கலைந்ததற்குக் காரணம் கிழக்கே இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தது. 1769-இல் ஹைதர் அலி மதராஸ் வாசல்வரை வந்து கம்பெனியைச் சமாதானத்துக்குப் பணியவைத்தார். அந்தப் போர்ச் செய்திகள் எட்டியதும் லண்டனில் கம்பெனிப் பங்குகள் சரிந்தன. 1769-70 வங்காளப் பஞ்சத்தில் மக்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள். 1772-இல் ஐரோப்பாவில் வங்கிகள் கவிழ்ந்து கடன் கிடைப்பது அரிதானது. லண்டன் கிடங்குகளில் சுமார் 1.7 கோடி ராத்தல் தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது. கம்பெனி திவாலானால் அரசும் ஆடிப்போகும். எனவே 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தார்கள், கூடவே 1773 மே மாதம் தேயிலைச் சட்டத்தையும் கொண்டுவந்தார்கள்.

ஒரு விளக்கம்: இது இந்தியத் தேயிலை இல்லை, முழுக்கச் சீனச் சரக்கு. அசாமில் தேயிலைத் தோட்டங்கள் வந்தது அடுத்த நூற்றாண்டில்.

சட்டம் செய்தது இரண்டு காரியம். கம்பெனி பிரிட்டனில் கட்டிய தீர்வையைத் திருப்பிக் கொடுத்தது; லண்டன் ஏலத்தைத் தாண்டி, கம்பெனியே தேர்ந்தெடுத்த ஏஜென்ட்டுகள் மூலம் அமெரிக்காவில் நேரடியாக விற்க அனுமதித்தது. விலை இறங்கும். கடத்தல் தேயிலைக்கு மவுசு போகும். ஒழுங்காகத் தீர்வை கட்டி வியாபாரம் செய்தவருக்கும் ஏஜென்சி கிடைக்காவிட்டால் பிழைப்பு போகும். பாஸ்டன் ஏஜென்ட்டுகளில் இருவர், இப்போது கவர்னராகிவிட்ட ஹட்சின்சனின் மகன்கள். மலிவான தேயிலையை ஜனங்கள் வாங்கிக் குடிக்கத் தொடங்கினால் அந்த 3 பென்ஸ் உரிமையை ஒப்புக்கொண்டதாகிவிடும். தலைவர்கள் பயந்தது இதற்குத்தான்.

நியூயார்க், பிலடெல்பியா பக்கம் வந்த கப்பல்கள் சரக்கை இறக்காமலே திரும்பின. பாஸ்டனில் மட்டும் ஏன் முட்டிக்கொண்டது? அங்கே விதிகளே ஒரு பொறியாகிவிட்டன. டார்ட்மவுத் என்ற முதல் கப்பல் நவம்பர் 28 அன்று வந்தது. துறைமுகத்தில் பதிவான சரக்குக்கு 20 நாளுக்குள் தீர்வை கட்ட வேண்டும். இல்லையென்றால் சுங்கம் பறிமுதல் செய்து விற்கலாம். தீர்வை கட்டாமல் திரும்பிப் போக அனுமதிச் சீட்டு கிடைக்காது. மக்கள் இறக்க விடமாட்டார்கள், கவர்னர் திரும்ப விடமாட்டார்.

டிசம்பர் 16, கெடு முடிய ஒரு நாள். ஊரின் பெரிய வழிபாட்டு மன்றத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். கப்பல் உரிமையாளர் ஃபிரான்சிஸ் ராட்ச்சை, ஊருக்கு வெளியே மில்டனில் இருந்த கவர்னரிடம் கடைசியாக ஒருமுறை கேட்டுவர அனுப்பினார்கள். இருட்டிய பிறகு அவர் வெறுங்கையோடு திரும்பினார். மோஹாக் பூர்வகுடியினர்போல் வேஷம் போட்ட கும்பல் கிரிஃபின் படகுத்துறையில் நின்ற மூன்று கப்பல்களில் ஏறி, 342 பெட்டிகளைப் பிளந்து, 92,000 ராத்தலுக்கு மேல் தேயிலையைக் கொட்டியது. மதிப்பு 9,600 பவுண்டுக்கு மேல். அப்போது நீர்மட்டம் தாழ்ந்திருந்ததால் தேயிலை கப்பலோரம் குவிந்து நின்றது. அதைத் தள்ளித் தள்ளிவிட வேண்டியிருந்தது. தேயிலை தவிர வேறு சரக்கை யாரும் தொடவில்லை.

ஒரு ஊருக்குத் தண்டனை, 12 காலனிகள் கூட்டு

1774-இல் லண்டன் வரிசையாகச் சட்டங்கள் போட்டது:

1. தேயிலைக்கு நஷ்டஈடு வரும்வரை ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகம் மூடல்.
2. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் காலனியின் மேலவையை இனி மன்னரே நியமிப்பார். கவர்னர் அனுமதியின்றி ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் ஊர்க்கூட்டம் கூடாது.
3. கடமையின்போது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் அதிகாரிகளை வேறு காலனியிலோ பிரிட்டனிலோ விசாரிக்கலாம்.
4. படைகளைத் தங்கவைக்கக் காலி வீடு, கொட்டகை போன்ற கட்டடங்களைக் கவர்னர் எடுத்துக்கொள்ளலாம்.

பாஸ்டனைத் தனிமைப்படுத்துவது நோக்கம். நடந்தது நேர்மாறு. தேயிலை கொட்டியதை ரசிக்காதவர்கள்கூட, இன்று பாஸ்டனுக்கு நடந்தது நாளை நமக்கு என்று யோசித்தார்கள். தென் கரோலினா அரிசி அனுப்பியது, கனெக்டிகட்டிலிருந்து ஆடுகள் வந்தன. செப்டம்பரில் ஜார்ஜியா தவிர 12 காலனிகளின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடி, டிசம்பர் 1 முதல் பிரிட்டிஷ் சரக்கு இறக்குமதியை நிறுத்த முடிவெடுத்தார்கள். அதைக் கண்காணிக்க ஒவ்வொரு ஊரிலும் கமிட்டி. யார் என்ன விற்கிறார், யார் தேநீர் குடிக்கிறார் என்று பார்ப்பது அதன் வேலை. மீறியவர் பெயர் பத்திரிகையில் வரும். விடுதலை பேசியவர்கள் அண்டை வீட்டாரை வேவு பார்த்ததும், அரச விசுவாசிகள் மீது தார் பூசி இறகு ஒட்டியதும் இந்தக் கதையின் அழகில்லாத பக்கம்.

ஆட்சி கைமாறியது இந்தக் கமிட்டிகளால்தான், துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே. 1774 செப்டம்பர் 6 அன்று மாசசூசெட்ஸின் உள்பகுதியில் உள்ள வொர்செஸ்டரில் 4,622 ஊர்ப்படையினர் திரண்டு நீதிமன்றத்தைத் திறக்கவிடாமல் தடுத்தார்கள். இருபுறமும் வரிசையாக நின்றார்கள். நடுவே நீதிமன்ற அதிகாரிகள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, பதவியைப் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதிமொழியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே நடந்தார்கள். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. புதிய கவர்னர் ஜெனரல் தாமஸ் கேஜின் அதிகாரம் பாஸ்டன் எல்லையோடு முடிந்தது.

1775 ஏப்ரல் 19 அன்று கேஜ் அனுப்பிய சுமார் 700 சிப்பாய்கள், கான்கார்டில் பதுக்கியிருந்த ஆயுதங்களைப் பறிக்கக் கிளம்பினார்கள். விடியற்காலை லெக்சிங்டன் திடலில் ஊர்ப்படையினர் 8 பேர் இறந்தார்கள். கான்கார்டிலிருந்து திரும்பும் வழியெல்லாம் வேலி மறைவிலிருந்தும் வீட்டு ஜன்னலிலிருந்தும் குண்டுகள் வந்தன. மாலைக்குள் பிரிட்டிஷ் தரப்பில் 73 பேரும் காலனித் தரப்பில் 49 பேரும் மாண்டிருந்தார்கள்.

யாருடைய விடுதலை?

இந்தக் கேள்வி அப்போதே எழுந்தது. எஜமானன் கிளர்ச்சிக்காரனாக இருந்து, அவனுடைய அடிமை ஓடிவந்து மன்னர் படையில் சேர்ந்தால் விடுதலை என்று 1775 நவம்பரில் வர்ஜீனியா கவர்னர் டன்மோர் அறிவித்தார். மனிதாபிமானத்தைவிட ராணுவத் தேவையே அவருக்குப் பெரிது. ஆனாலும் நூற்றுக்கணக்கானோர் உயிரைப் பணயம் வைத்து ஓடிவந்தார்கள். அதுவரை ஊசலாடிய தோட்ட முதலாளிகள் பலர் இதற்குப் பிறகே கிளர்ச்சியின் பக்கம் சாய்ந்தார்கள். மேற்கே பூர்வகுடிகளில் பல இனங்களுக்கு, நிலத்தை விழுங்கத் துடித்த குடியேறிகளைவிட லண்டன் மன்னர் மேலாகத் தெரிந்தார்.

கடைசியில் அந்த 3 பென்ஸ்

லெக்சிங்டனுக்குப் பிறகும் சமரசம் பேசினார்கள். 1775 ஜூலையில் பிலடெல்பியாவிலிருந்து மன்னருக்கு ஒரு சமாதான மனு போனது. மூன்றாம் ஜார்ஜ் அதை ஏற்காமல், ஆகஸ்டில் காலனிகள் கிளர்ச்சியில் இருப்பதாக அறிவித்தார். அடுத்த ஜூலையில் விடுதலைப் பிரகடனம்.

1777 அக்டோபரில் சரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படையே சரணடைந்தது. 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் பிறகுதான் லண்டன் இறங்கி வந்தது. தேயிலைத் தீர்வையை ரத்து செய்து, வருமானத்துக்காக இனி காலனிகளுக்கு வரி விதிப்பதில்லை என்று நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. கார்லைல் பிரபு தலைமையில் ஒரு தூதுக்குழு அதை எடுத்துக்கொண்டு கடல் கடந்து போனது. சுதந்திரத்தை ஒப்புக்கொள்ளுங்கள் அல்லது படையைத் திருப்பி அழையுங்கள், பிறகு பேசலாம் என்று காலனிப் பிரதிநிதிகளின் அவையான அமெரிக்கக் காங்கிரஸ் பதில் சொல்லிவிட்டது. அந்த இரண்டையும் கொடுக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை.